பாக்கியரத்தினத்தின் முந்துகிற கை

சல்லிக் கடற்கரையில் பாக்கியரத்தினம் கருவாடு காயப்போடுகிற பரணில் இருந்து ஒரு நெத்தலியையாவது தூக்கிக்கொண்டு போன காகம் இருபது வருசமாகக் கிடையாது. புளுகு இல்லை, வேண்டுமென்றால் ஊருக்குள் கேட்டுப் பாருங்கள். மற்றப் பெண்கள் பரணுக்கு மேலே பழைய வலையை விரித்துக் கட்டுவார்கள், கறுப்புப் பையைத் தடியில் குத்தி வைப்பார்கள், அப்படியும் காகம் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் போகும். பாக்கியத்துக்கு வலையும் வேண்டாம், பையும் வேண்டாம். மனுசி பரணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்டிக்கொண்டிருப்பாள். பின்னால் ஒரு காகம் இறங்க நினைக்கும். இறங்கக்கூட இல்லை, நினைக்கும். அதற்குள் கையில் இருந்தது பறந்திருக்கும். சிரட்டையோ, செருப்போ, பாரைத் தலையோ, எது அகப்பட்டதோ அது. கூடவே ஒரு "சூய்" சத்தம். அந்தச் சத்தத்துக்கு அடுத்த வளவுக் கோழியும் எழும்பி ஓடும்.

ஆள் பெரிய ஆள் இல்லை. நாற்பத்தெட்டு வயது, ஐந்தடிக்கு உள்ளே, காய்ந்து இறுகின உடம்பு. கணவன் சோமசேகரம் வள்ளத்தில் போகிறவர், ஒரு நாளைக்குப் பத்துச் சொல் கதைத்தால் அதுவே அதிகம். கதைக்கிற வேலை, சண்டை பிடிக்கிற வேலை, சிரிக்கிற வேலை எல்லாம் பாக்கியத்தின் பங்கு. பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சியோடு போய் நிற்பவளும் அவள்தான். அப்படி ஒரு நல்ல மனுசி. ஆனால் கை முந்தும். யோசனை பிறகுதான் வந்து சேரும்.

அந்தக் கைக்குக் கடற்கரை வேறு, வீடு வேறு என்று தெரியாது. அங்கேதான் வந்தது பிழை. ஒரே மகள் தயாளினி. பால் பொங்கி வழிந்தால் அவளுக்கு ஒரு அடி. பென்சிலைத் துலைத்துவிட்டு வந்தால் ஒரு அடி. தாய் வாசலில் நின்று கூப்பிட, இரண்டாம் தரத்துக்குத்தான் "ஓம் அம்மா" என்று சொன்னாலும் ஒன்று விழும். அரை மணித்தியாலம் கழியும் முன்னே அதே கை முள் பார்த்துப் பார்த்து எடுத்து, சோற்றைக் குழைத்து அவளுக்குத் தீத்தும். எந்தத் தாய்தான் பிள்ளைக்கு அடிக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். பாக்கியமும் இருபது வருசமாக அதைத்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தயாளினி மட்டக்களப்புக்குப் படிக்கப் போய், முதல் லீவுக்கு வீட்டுக்கு வந்த நேரம் அது. தாயும் மகளும் பரணடியில் இருந்து சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் கன்னத்தில் ஒரு செதில் பறந்து வந்து ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிடத்தான் பாக்கியம் கையைத் தூக்கினாள். தூக்கினதுதான் தாமதம், தயாளினியின் முழங்கை சடாரென்று மேலே வந்து முகத்தை மறைத்தது. கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. இருபது வயதுப் பெண், நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் நின்று படிப்பிக்கப் போகிறவள், நாலு வயதுப் பிள்ளையைப் போலக் குறுகிப்போய் இருந்தாள்.

பிறகு அவளே கண்ணைத் திறந்து சிரித்தாள். "பழக்கம் அம்மா," என்றாள். சொல்லிவிட்டு மீனைக் கழுவினாள், வேறு கதைக்குப் போய்விட்டாள்.

பாக்கியத்தால் போக ஏலவில்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பழக்கமாம். யார் பழக்கினது? அந்தச் சின்ன முழங்கை எத்தனை தரம் அப்படி எழும்பியிருக்கும், தான் ஒரு தரமாவது கண்டாளா? தன் பிள்ளை தனக்கு முன்னால் முகத்தை மறைக்கக் கூடாது, சாகிறதுக்குள் அது ஒன்று நடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் முத்துமாரி அம்மனிடம் போனாள். நேர்த்தி வைத்து, வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டிக்கொண்டு வந்தாள். நூல் கட்டி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, நூலோடேயே கை செருப்பை எறிந்துவிட்டது. அம்மாளாச்சிக்கும் அந்தக் கையைப் பிடித்து வைக்க ஏலவில்லை என்றால் மனிதர் என்ன செய்வது.

கராத்தே இதற்குள் வந்தது கருவாட்டால்தான். பாக்கியம் சைக்கிளில் கருவாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருகோணமலை நகரத்துக்குள் வாடிக்கை வீடுகளுக்குப் போகிறவள். அப்படி ஒரு வாடிக்கைக்காரி ஷாமிலா. முப்பது வயதுகூட ஆகாத பிள்ளை, பகலில் ஒரு மருந்துக் கடையில் வேலை, சனிக்கிழமைகளில் உள் துறைமுக வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் பெண்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறவள். ஒரு சனிக்கிழமை கருவாட்டை மண்டபத்துக்கே கொண்டு வந்து தரச் சொல்லியிருந்தாள். பாக்கியம் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக நின்றார்கள். ஒருத்தி முழு வேகத்தில் மற்றவளின் முகத்துக்குக் குத்தினாள். பாக்கியம் ஐயோ என்று வாயில் கை வைத்தாள். குத்து மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து அப்படியே நின்றது. குத்து வாங்க நின்றவள் இமைக்கவும் இல்லை.

கருவாட்டைக் கொடுக்க மறந்துபோய் அவள் ஷாமிலாவிடம் கேட்ட முதல் கேள்வி, இவ்வளவு பாடுபட்டு அடிக்காமல் விடுகிறதுக்கா படிக்கிறீர்கள் என்பது.

"அடிக்க எல்லாருக்கும் தெரியும் அக்கா," என்றாள் ஷாமிலா. "நிப்பாட்டத்தான் வருசக்கணக்காப் படிக்கணும்."

அடுத்த சனிக்கிழமை பாக்கியம் போய் வரிசையில் நின்றாள். தயாளினியின் பழைய விளையாட்டுக் காற்சட்டையும் சோமசேகரத்தின் வெள்ளைச் சட்டையும்தான் உடுப்பு. மற்றப் பதினொரு பேரும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். பெரும்பாலும் நகரத்து முஸ்லிம் பிள்ளைகள், கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், வேலை செய்கிற இரண்டொருவர். அவர்கள் எல்லாருக்கும் அவள் அக்கா. ஷாமிலாவை எல்லாரும் மிஸ் என்று கூப்பிட, இவள் மட்டும் கடைசிவரை பிள்ளை என்றுதான் கூப்பிட்டாள்.

முதல் நாளே வினை. எல்லாரும் முழங்கையை விலாவோடு ஒட்டி நின்றார்கள், பாக்கியத்தின் முழங்கை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதைத் திருத்தலாம் என்று ஷாமிலா பின்பக்கமாக வந்தாள். அவ்வளவுதான். பின்னால் எதுவோ அசைகிறது என்று பட்ட கணத்திலேயே "சூய்" என்று ஒரு சத்தம், முழங்கை போய் ஷாமிலாவின் நெஞ்சில். மிஸ் இரண்டு அடி பின்னால் போய்க் கதிரையோடு விழுந்தாள். பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டு ஓடிப்போய்த் தூக்கினாள், மன்னிப்புக் கேட்டாள், இனி வரமாட்டேன் என்றாள். ஷாமிலா நெஞ்சைத் தடவிக்கொண்டு, தான் காகம் இல்லை, உடுப்பும் வெள்ளைதான், அடுத்த முறை கொஞ்சம் பார்த்துக் கலைக்கும்படி கேட்டுக்கொண்டாள். அன்றைக்குச் சிரிக்கத் தொடங்கின பிள்ளைகள் வகுப்பு முடியும்வரைக்கும் நிறுத்தவில்லை.

அதைவிடப் பெரிய கஷ்டம் வகுப்புத் தொடங்க முதல் கண்ணை மூடி இருக்கிற ஐந்து நிமிடம். மற்றவர்கள் முழங்காலை மடித்து இருந்து, மூச்சைப் பார்த்துக்கொண்டு அமைதியாகிவிடுவார்கள். பாக்கியத்துக்குக் கண் மூடாது. மூடினால் காகம் கொண்டுபோய்விடும் என்று உடம்பு நம்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நகரத்துக்குள் திரிகிற மான்களில் ஒன்று மண்டப வாசலில் வந்து தலையை நீட்டினது. பதினொரு பேரும் அசையாமல் இருக்க, இவள் மட்டும் கையில் செருப்போடு பாதி எழும்பிவிட்டாள்.

கண்ணை மூட ஏலாதென்றால் மூட வேண்டாம் என்று ஷாமிலா சொல்லிவிட்டாள். திறந்து வைத்துக்கொண்டே இருக்கட்டும். எது வந்தாலும், வந்தது என்று மட்டும் பார்க்கட்டும். அதோடு வீட்டுக்கும் ஒரு வேலை கொடுத்தாள்.

"காகம் வரட்டும் அக்கா. வந்தா ஒரு மூச்சு இழுத்து விடுங்க. அது என்ன செய்ய வந்திருக்கு எண்டு பாருங்க. பிறகு வேணுமெண்டா எறியலாம்."

சொல்வது சுகம். கருவாட்டுக்காரிக்கு ஒரு மூச்சு எவ்வளவு நீளம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? முதல் கிழமை ஏழு நாளும் பாக்கியத்தின் கை துடியாய்த் துடித்தது. மூச்சை இழுப்பாள், விடுவதற்குள் காகம் மீனோடு தென்னை மரத்துக்குப் போயிருக்கும். இருபது வருசமாக ஒரு நெத்தலியும் போகாத பரணில் இருந்து நாளுக்கு இரண்டு மூன்று என்று போகத் தொடங்கியது. காகங்களுக்குள் செய்தி பரவிவிட்டதோ என்னவோ, உப்பாறுப் பக்கத்துக் காகமும் வந்து பார்த்துவிட்டுப் போனது. பாக்கியம் காகத்துக்குத் தியானம் படிப்பிக்கிறாள் என்று ஊர் சிரித்தது. சோமசேகரம்கூடத் தன் பத்துச் சொல்லில் நாலை இதற்காகச் செலவழித்தார். உனக்கு என்ன பேய் பிடிச்சது என்று கேட்டார். அவள் அடுத்த காகத்துக்கு மூச்சு இழுத்தாள்.

ஆனால் மெல்ல மெல்ல அவளுக்குச் சில விசயம் தெரியவந்தது. வருகிற காகம் எல்லாம் மீனுக்கு வருவதில்லை. ஒன்று பரணின் நிழலில் இருக்க வருகிறது. ஒன்று மீன் கழுவின தண்ணீர் குடிக்க வருகிறது. கால் ஊனமான ஒன்று இருக்கிறது, அது சும்மா தடியில் வந்து இருந்து கடலைப் பார்த்துவிட்டுப் போகிறது. இத்தனை வருசமும் எல்லாவற்றுக்கும் ஒரே செருப்புத்தான் பறந்தது. கை ஒருநாளும் பார்க்கவில்லை.

அதைக் கண்ட அன்றைக்குத்தான் வேறு ஒன்றும் ஞாபகம் வந்தது. பால் பொங்கி வழிந்த நாளில் தயாளினி குசினியில் சும்மா நிற்கவில்லை. தாய்க்கு விரல் வெட்டுப்பட்டிருந்தது, அதற்குக் கட்டத் துணி தேடிக்கொண்டு அலுமாரிக்குள் தலையை விட்டிருந்தாள். துணியோடு திரும்பி வந்த பிள்ளைக்குத்தான் அந்த அடி. ஒரு மூச்சு விட்டிருந்தால் துணியைக் கண்டிருக்கலாம். பாக்கியம் பரணடியில் இருந்து ஓவென்று அழுதாள். ஊனக்கால் காகம் பறந்து போகாமல் இருந்து பார்த்தது.

அதற்குப் பிறகு அவள் ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை. மழைக்கும் போனாள், காலில் முள் ஏறின கிழமையும் நொண்டிக்கொண்டு போனாள். ஆறு மாதத்தில் குத்து வேகமாக வந்தது, ஒரு வருசத்தில் நிற்கவும் தொடங்கியது. அவளோடு சோடியாக நிற்கிற ரிஸ்லா, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, மற்ற யாரும் குத்தினால் இமைப்பாள், பாக்கியம் அக்கா குத்தினால் இமைக்க மாட்டாள். அக்காவின் கை எங்கே நிற்கும் என்று தனக்குத் தெரியும் என்பாள்.

மகளுக்கு மட்டும் காரணம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தயாளினி லீவுக்கு வருகிற நாட்களில் பாக்கியம் அவளுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பாள். பிள்ளை தாய்க்குத் தோள்மூட்டில் வருத்தம் என்று நினைத்து எண்ணெய் வாங்கி வந்தாள். தாய் கராத்தே பழகுகிறாள் என்பது அவளுக்குப் பெரிய புளுகம், பெருமை. விடுதிப் பிள்ளைகளுக்கெல்லாம் படம் காட்டியிருக்கிறாள். ஆனால் பாக்கியம் தற்செயலாகக் கொடியில் துணி போடக் கையைத் தூக்கினாலும், பக்கத்தில் நிற்கிற அந்தத் தலை ஒரு தரம் சாய்ந்துதான் நிமிரும். அதைப் பாக்கியம் இப்போது ஒவ்வொரு தரமும் கண்டாள். காண்கிறதும் ஒரு தண்டனைதான்.

ஒன்றரை வருசம் கழித்து, இடுப்பில் கட்டுகிற மஞ்சள் பட்டிக்கான பரீட்சை வந்தது. கண்டியில் இருந்து ஒரு பரீட்சகர் அம்மா வந்திருந்தார், சிரிப்பை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டு வந்தவர். பழகின அடவுகளைப் பாக்கியம் பிழையில்லாமல் செய்தாள். கடைசியாக மிஞ்சினது ஐந்து குத்து. எதிரில் ஒருவர் கண் திறந்து நிற்க வேண்டும், ஒவ்வொரு குத்தும் அவர் மூக்குக்கு ஒரு விரற்கடையில் நிற்க வேண்டும். ரிஸ்லாவுக்கு அன்றைக்கு நெருப்புக் காய்ச்சல், வரவில்லை. மற்றப் பிள்ளைகள் தங்கள் தங்கள் முறை முடிந்து போய்விட்டார்கள், படிப்பித்த மிஸ் எதிரில் நிற்கவும் கூடாது. பரீட்சகர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். லீவில் வந்து, சுவரோரம் நின்று தாயைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த தயாளினியைக் கண்டு, அந்தப் பிள்ளை வந்து நிற்கட்டும், இது பழகாதவர்களும் செய்யலாம் என்றார்.

"வேண்டாம்," என்றாள் பாக்கியம். "அவளை நிப்பாட்ட வேண்டாம். எனக்குப் பட்டியும் வேண்டாம், நான் போறன்."

ஷாமிலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பரீட்சகருக்கு நேரம் போகிறது. தயாளினி போனைக் கதிரையில் வைத்துவிட்டுத் தானாகவே நடுவில் வந்து நின்றாள். என்னம்மா இது, இவ்வளவு தூரம் வந்து என்று செல்லமாகச் சிணுங்கினாள்.

பாக்கியம் கையை விலாவுக்கு இழுத்தாள். இழுத்தது மட்டும்தான். தயாளினியின் முழங்கை சடாரென்று மேலே வந்தது, கண் இறுக மூடியது. பிள்ளை வெட்கப்பட்டுச் சிரித்து, கையை இறக்கி, இன்னொரு தரம் குத்தச் சொன்னாள். இரண்டாம் தரமும் அதே முழங்கை. மூன்றாம் தரம் அவள் சிரிக்கவில்லை.

பாக்கியம் கையை இறக்கினாள். இத்தனை பேருக்கு முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

"தயா, அம்மா இனி அடிக்க மாட்டன். நீ கண்ணைத் திறக்குமட்டும் இப்பிடியே நிக்கிறன்."

தயாளினி முழங்கைக்கு மேலால் தாயைப் பார்த்தாள்.

"இதுக்காகவா அம்மா இஞ்ச வாறனீங்கள்?"

"ஓம்," என்றாள் பாக்கியம்.

பரீட்சகர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஷாமிலா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். பாக்கியம் நின்றாள். எறிய ஒன்றும் இல்லாத கையோடு, அவசரம் ஒன்றும் இல்லாமல் நின்றாள். இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ இருக்கும், தயாளினியின் கை கீழே வந்தது. கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, தலையை ஆட்டினாள்.

ஐந்து குத்தும் போனது. ஒவ்வொன்றுக்கும் பிள்ளை இமைத்தாள். ஆனால் கை எழும்பவில்லை.

பரீட்சகர் தன் தாளில் எழுதி, வாசித்தும் காட்டினார். விரற்கடை என்றால் விரற்கடை. இவர் ஐந்து தரமும் ஒரு சாண் தூரத்திலே நிறுத்தியிருக்கிறார். பட்டி இல்லை, அடுத்த வருசம் பார்க்கலாம். ஷாமிலாவுக்குக் கோபம் வந்தது. பாக்கியத்தை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், ரிஸ்லாவுக்கு மயிரிழையில் நிறுத்துகிற அக்காவுக்கு இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள்.

"அவளுக்கு ஒரு சாண் வேணும் பிள்ளை," என்றாள் பாக்கியம். "இன்னும் கொஞ்சக் காலத்துக்கு."

அன்றைக்கு வீட்டுக்குத் தயாளினிதான் சைக்கிளை மிதித்தாள், தாய் பின்னால் இருந்து வந்தாள். சந்தியில் இறங்கி இஞ்சித் தேத்தண்ணி குடித்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலையில் இருவரும் பரணடியில் இருந்தார்கள். சோமசேகரம் நல்ல பாரையாக நாலு கொண்டு வந்திருந்தார், கண்டம் போட்டு உப்பு வைத்து விரித்தாகிவிட்டது, மிச்சச் சூடைக்குச் செதில் தட்டிக்கொண்டிருந்தார்கள். தயாளினி விடுதிச் சாப்பாட்டைப் பற்றி வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் ஒரு செதில் பறந்து வந்து ஒட்டினது.

பாக்கியம் கண்டாள். கத்தியை மணலில் வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். ஒரு மூச்சு இழுத்து விட்டாள். பிறகு, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கத்தக்கதாக, கையை மெதுவாகக் கொண்டுபோய் அந்தச் செதிலை எடுத்தாள்.

தயாளினி கதையை நிறுத்தவில்லை. "அதுக்குப் பேர் பருப்பாம் அம்மா, தண்ணிக்குள்ள மஞ்சள் கரைச்சு வைச்சிருக்கினம்," என்று சொல்லிக்கொண்டே மற்றப் பக்கத்தையும் காட்டி, "இதிலயும் ஒட்டியிருக்கோ பாருங்கோ," என்றாள்.

அதில் ஒன்றும் இல்லை. என்றாலும் பாக்கியம் இருக்கு இருக்கு என்று சொல்லி, பெருவிரலால் அந்தக் கன்னத்தை ஆறுதலாகத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவளுக்குக் கண் மறைத்தது.

வள்ளத்தடியில் இருந்து சோமசேகரம் கத்தினார். பரணுக்குப் பின்னால் இரண்டு காகங்கள் சேர்ந்து ஒரு பாரைக் கண்டத்தை இழுத்துக்கொண்டு போயின, இருக்கிறதிலேயே பெரிய கண்டம். பாக்கியம் அவை வந்ததையும் அறியவில்லை, எடுத்ததையும் அறியவில்லை. "காகமடி பாக்கியம்," என்று அவர் இரண்டாம் தரமும் கத்தினார்.

"கொண்டு போகட்டும்," என்றாள் பாக்கியம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.